கூலிக்கு ஆடுபவன்

உதைபந்தாட்டத்தில் முன்கள வீரரை ஏசுவதற்கு நம்மவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பந்தைக் கம்பத்துக்கு மேலால் அடித்தால் ஒரு சொல். பந்து வரும்வரை காத்து நின்றால் இன்னொரு சொல். இவையெல்லாம் ஆட்டம் முடிந்து வீடு போய்ச் சேருமுன் மறந்துபோகிற ஏச்சுகள். மறக்கப்படாத ஏச்சு ஒன்று உண்டு. ஓர் அணிக்காகக் கோல்களைக் குவித்த ஒருவர் அடுத்த பருவத்தில் வேறோர் அணியின் உடையில் வந்து நிற்பாராயின், அவரைக் 'கூலிக்கு ஆடுபவன்' என்று சொல்கிறோம். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

நெரியுஸ் வல்ஸ்கிஸ் என்ற லித்துவேனிய வீரர் 2020 ஆம் ஆண்டு சென்னையை விட்டு ஜம்ஷெட்பூருக்குப் போனபோது, இந்தச் சொல் என் காதில் பலமுறை விழுந்தது. சென்னையில் உள்ள நண்பர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவரும் சொன்னார். நான் வசிக்கும் சாம்பல்தீவில், நிலாவெளி வீதியோரத் தேநீர்க்கடை வாங்கிலிருந்தும் அதே சொல்தான் வந்தது. தமிழர் என்ற உணர்வில் சென்னை அணியைத் தம் அணியாக வரித்துக்கொண்டவர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் நியாயமானதல்ல என்பதே என் கருத்து. உலகில் வேறு எவர் அதைச் சொன்னாலும், புறப்பட்டுப் போய்ப் பிழைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டுவிட்ட நாம் அதைச் சொல்லலாகாது. ஏன் என்பதை விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. லித்துவேனியா, பால்டிக் கடலோரத்தில் முப்பது இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட சிறிய நாடு. 1990 மார்ச் 11 ஆம் திகதி, சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தன் சுதந்திரத்தை மீளப் பிரகடனம் செய்த நாடு. அங்கே உதைபந்தாட்டம் இரண்டாம் பிள்ளைதான். மூத்த பிள்ளை கூடைப்பந்தாட்டம். 1992, 1996, 2000 என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கூடைப்பந்தாட்டத்துக்கு வெண்கலப் பதக்கம் வென்ற நாடு அது. உதைபந்தாட்டத்திலோ உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலும் ஐரோப்பியக் கிண்ண இறுதிச் சுற்றிலும் ஒருமுறைதானும் ஆடியதில்லை. இப்படிப்பட்ட நாட்டில் 1987 இல் பிறந்த ஒருவர் உதைபந்தாட்டத்தை நம்பிப் பிழைப்பதென்றால், ஒன்று பிறந்த ஊரிலேயே சிறு சம்பளத்தில் காலம் தள்ள வேண்டும்; அல்லது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். வல்ஸ்கிஸ் புறப்பட்டவர். சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 32. ஒரு முன்கள வீரருக்கு அது பொழுது சாயும் வயது.

அவர் வந்து சேர்ந்த 2019-20 பருவம் சென்னையின் எவ்.சி.க்கு மிக மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு போட்டிகளில் ஒரு கோல்தானும் இல்லை. ஐந்தாவது போட்டி ஹைதராபாத் அணியுடன், 2019 நவம்பர் 25 ஆம் திகதி, சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது. 90 நிமிடங்கள் முடிந்தும் கோல் இல்லை. நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்களில் சென்னையின் மால்டா வீரர் அந்திரே ஷெம்பிரி ஒரு கோல் போட்டார். பருவத்தின் முதல் கோல். அரங்கம் ஆர்ப்பரித்து அடங்குவதற்குள் ஹைதராபாத் சமப்படுத்தியது. எல்லாம் போயிற்று என்று பார்வையாளர்கள் எழுந்து நின்ற வேளையில், வல்ஸ்கிஸ் வெற்றிக் கோலைப் போட்டார். உதைபந்தாட்டத்தில் ஒரு பருவத்தின் தலைவிதி சில சமயங்களில் இப்படி இரண்டொரு நிமிடத்தில் எழுதப்படுவதுண்டு.

உடனடியாக எல்லாம் சீராகிவிடவில்லை. நவம்பர் முடிவில் பயிற்றுநர் ஜோன் கிரெகரி விலகினார். ஸ்கொட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் பொறுப்பேற்றார். அதன்பின் அணி எழுந்த விதம் இந்திய சுப்பர் லீக்கின் வரலாற்றில் குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது. பிரேசில் நாட்டு ரஃபாயெல் கிரிவெல்லாரோ நடுக்களத்திலிருந்து பந்தை அளந்து கொடுக்க, மிசோரம் இளைஞர் லாலியன்சுவாலா சாங்தே ஓரத்தால் ஓடிக் களைக்க வைக்க, நடுவில் நின்று முடித்து வைக்கும் வேலையை வல்ஸ்கிஸ் செய்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு வந்தது. அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையில் 4-1 என வென்று, கோவாவில் 2-4 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என இறுதிக்குப் போனது.

இறுதிப் போட்டி 2020 மார்ச் 14 ஆம் திகதி கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் நடந்தது. கொரோனா நோய் பரவத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஆதலால் பார்வையாளர் ஒருவருமில்லை. வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஏ.ரி.கே. 3-1 என வென்றது. சென்னையின் அந்த ஒரு கோல் வல்ஸ்கிஸ் போட்டது. அத்துடன் அவரது கணக்கு 15 ஆயிற்று. பிஜித்தீவின் ரோய் கிருஷ்ணாவும் நைஜீரியாவின் பார்த்தலோமியு ஒக்பெச்சேயும் அதே 15 கோல்களுடன் நின்றார்கள். சமநிலையை முறிக்கும் விதிகளின்படி தங்கப் பாதணி வல்ஸ்கிஸுக்குக் கிடைத்தது. 32 வயதில், தன் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், ஒருவர் தன் தொழிலின் உச்சத்தைத் தொட்டார். கைதட்டத்தான் அரங்கில் ஆள் இருக்கவில்லை.

சில மாதங்களில் கோய்ல் ஜம்ஷெட்பூரின் பயிற்றுநரானார். வல்ஸ்கிஸும் அங்கே போனார். ஏச்சு தொடங்கிய இடம் இதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022 ஜனவரியில், பருவத்தின் நடுவில், அவர் மீண்டும் சென்னை அணிக்கே வந்தார். அவர் விட்டு வந்த ஜம்ஷெட்பூர் அணி அந்த மார்ச்சிலேயே லீக் கேடயத்தை வென்றது. கிண்ணங்களை மோப்பம் பிடித்துக்கொண்டு அலைபவர் என்றால், இதைவிடத் தவறான நேரத்தில் ஒருவர் இடம் மாறியிருக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நோய்ப் பரவல் காரணமாக 2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களும் முழுமையாகக் கோவாவிலேயே நடத்தப்பட்டன. ஆகவே அவர் சென்னை அணிக்குத் திரும்பினாரே தவிர, அதன் உடையில் சென்னை மண்ணில் மறுபடி ஆடும் வாய்ப்பு அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரைப் போற்றியவர்களும் ஏசியவர்களும் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தார்கள்.

2020 இல் அவர் போன செய்தி வந்த நாட்களில், எங்கள் தேநீர்க்கடையில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. கட்டாரில் வேலை செய்துவிட்டு அவ்வாண்டு ஊர் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மாமா, நானும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொம்பனி மாறினனான். எந்தக் கொம்பனி கூடக் குடுக்குதோ அங்க போனனான். என்னை ஒருத்தரும் துரோகி எண்டு சொல்லேல்லையே" என்றார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு நாளிதழில் விளையாட்டுப் பக்கத்துக்கு நாங்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியதைக் காட்டிலும் அந்தப் பிள்ளையின் மூன்று வசனங்களில் விடயம் அதிகம் இருந்தது.

அவர் சொன்னதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்ப்போம். மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்களிடம் என்.ஓ.சி. என்ற மூன்று எழுத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு முதலாளியிடம் வேலை செய்பவர் இன்னொருவரிடம் போக வேண்டுமானால், முதலாமவர் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதித் தரவேண்டும். அவர் எழுதித் தரமாட்டேன் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கட்டார் அரசு இந்த நிபந்தனையை 2020 இல்தான் சட்டத்திலிருந்து நீக்கியது. சட்டம் ஏட்டில் மாறியது போல நடைமுறையில் மாறிவிட்டதா என்பது வேறு கேள்வி.

இதே மூன்று எழுத்து ஒரு காலத்தில் ஐரோப்பாவின் உதைபந்தாட்ட வீரர்களின் கழுத்திலும் தொங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெல்ஜியத்தில் ஜோன் மார்க் பொஸ்மன் என்றொரு வீரர் இருந்தார். லியேஜ் நகரக் கழகத்துடன் அவர் செய்திருந்த ஒப்பந்தம் 1990 இல் முடிந்தது. கழகம் அவருக்கு முன்னையதைவிட மிகக் குறைந்த சம்பளத்தைக் கொடுக்க முன்வந்தது. அவர் பிரான்சில் உள்ள டன்கேர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தமே முடிந்துவிட்டபோதிலும், விலை தராமல் அவரை விடமுடியாது என்று லியேஜ் கழகம் நின்றது. சம்பளமும் இல்லை, விடுதலையும் இல்லை. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு ஐந்து ஆண்டுகள் இழுபட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 ஆம் திகதி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரர், பழைய கழகத்துக்கு ஒரு சதமும் கொடுக்காமல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கும் போகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்றியத்தின் குடிமக்களான வீரர்களை 'வெளிநாட்டவர்' என்று எண்ணிக்கை வைத்துத் தடுப்பதும் செல்லாது என்றது.

வழக்கை வென்ற பொஸ்மனின் விளையாட்டு வாழ்வு அதற்குள் முடிந்து போயிருந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். லித்துவேனியா 2004 மே முதலாம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததன் பின் அந்நாட்டு வீரர்களும் அவர்களில் அடங்குவர். இன்று ஒப்பந்தம் முடிந்த வீரர் கழகம் மாறுவது உலகெங்கும் சாதாரண விடயம். ஒப்பந்தம் முடிந்ததும் போகலாம் என்ற அந்த எளிய உரிமையைத்தான் நாம் 'கூலித்தனம்' என்கிறோம். ஒருவர் தன் உழைப்பை எங்கே விற்பது என்று தானே தீர்மானிக்கும் உரிமை அது. அதற்காக ஒரு மனிதர் தன் தொழிலையே பறிகொடுத்திருக்கிறார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

லித்துவேனியாவின் முந்திய தலைமுறையிலிருந்து இன்னோர் உதாரணம் தருகிறேன். எட்காரஸ் யான்கவுஸ்கஸ் 1975 இல் வில்னியஸ் நகரில் பிறந்தவர். அவரும் முன்கள வீரர்தான். சொந்த நாட்டில் தொடங்கி ரஷ்யா, பெல்ஜியம், ஸ்பெயின், போர்த்துக்கல், பிரான்ஸ், ஸ்கொட்லாந்து, சைப்பிரஸ், லத்வியா, அமெரிக்கா என்று பத்து நாடுகளில் ஆடினார். 2004 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கை வென்ற போர்ட்டோ கழகத்தில் இருந்தார். 2006 இல் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்ற ஹார்ட்ஸ் கழகத்திலும் இருந்தார். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பி, 2016 இல் லித்துவேனியத் தேசிய அணியின் பயிற்றுநரானார். 2023 இல் இரண்டாம் முறையும் அப்பொறுப்பை ஏற்றார். பத்து நாட்டு மைதானங்களில் கற்றதை அவர் எடுத்துக்கொண்டு போனது எங்கே? சொந்த நாட்டுக்குத்தான். அலைந்து திரிந்தவருக்குப் பற்று இல்லை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வீரரிடம் விசுவாசம் கேட்கிறோம். கழகத்திடம் கேட்கிறோமா? முழங்கால் முறிந்தவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடும் கழகத்தை யாரும் 'கூலிக்கு வாங்குபவர்' என்று ஏசுவதில்லை. அது நிர்வாகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். 2025 ஜூலையில் என்ன நடந்தது? இந்திய சுப்பர் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவில்லை. அதனால் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. வழமையாகச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தொடங்கும் பருவம் அவ்வாண்டு முடியும்வரை தொடங்கவேயில்லை. சில கழகங்கள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. பெருங் கம்பனிகளும் சம்மேளனமும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த மாதங்களில், ஓடினால்தான் சம்பளம் என்ற நிலையில் உள்ள வீரர் வீட்டில் இருந்தார். இந்த நிலையில் அவரிடம் போய் 'நீ இந்த உடைக்கு விசுவாசமாக இருந்தாயா?' என்று கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

எனக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை ஒளிக்காமல் சொல்வதே பத்திரிகைக்காரனுக்கு அழகு. வெளிநாட்டு முன்கள வீரர்கள் வந்து நிற்பதால் உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த இடத்தில் வளர முடியாமல் போகிறது என்பதே அது. புள்ளிவிபரம் இந்த வாதத்தின் பக்கம்தான் நிற்கிறது. 2014 இல் இந்திய சுப்பர் லீக் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை தங்கப் பாதணியை வென்ற அத்தனை பேரும் வெளிநாட்டவர்களே. அவர்களில் எலானோ, ஸ்டீவன் மென்டோசா, வல்ஸ்கிஸ் ஆகிய மூவர் சென்னை அணியின் உடையில் வென்றவர்கள். வல்ஸ்கிஸ் 15 கோல் போட்ட அதே பருவத்தில் சுனில் சேத்ரியின் கணக்கு 9. இதற்கு மாறாக, பழைய தேசிய லீக்கின் முதல் பருவத்தில் பாய்ச்சுங் பூட்டியாவும், 1997-98 இல் கொச்சின் கழகத்துக்காக ஆடிய தமிழ்நாட்டு வீரர் இராமன் விஜயனும் அதிக கோல் போட்டவர்களாக இருந்தார்கள். ஒரு தமிழர் இந்தியாவின் முதல்தர லீக்கில் கோல் பட்டியலின் உச்சியில் நின்ற காலம் ஒன்று இருந்தது. அதை நினைக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

இந்த வாதத்துக்கு என் பதில் இது. வெளிநாட்டவரின் எண்ணிக்கைக்கு எல்லை வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. 2021-22 பருவத்திலிருந்து களத்தில் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய வெளிநாட்டவர் தொகை ஐந்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. அது நியாயமான முடிவு. ஆனால் வாசல் எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வாசல் வழியே அழைக்கப்பட்டு உள்ளே வந்த விருந்தாளியைத் திட்டிப் பயனில்லை. சென்னை வியாசர்பாடியிலிருந்து தன்பால் கணேஷும், நெய்வேலியிலிருந்து எட்வின் சிட்னி வன்ஸ்போலும் சென்னை அணிக்கு வந்து ஆடினார்கள். இருவரும் முன்களத்தவர்கள் அல்லர். அவர்களைப் போல ஒரு தமிழ் முன்கள வீரர் ஏன் வரவில்லை என்ற கேள்வி வல்ஸ்கிஸிடம் கேட்கவேண்டியதன்று. பாடசாலைகளிடமும் கழகங்களிடமும் சம்மேளனங்களிடமும் கேட்கவேண்டியது.

அந்தக் கேள்வியை எங்கள் மண்ணிலும் கேட்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் உதைபந்தாட்டத்துக்கு ஆள் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. நகரத்தின் ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கேசர் அரங்கிலும், கிண்ணியாவிலும் மூதூரிலும், எங்கள் சாம்பல்தீவின் கடற்கரை மணலிலும் பந்துக்குப் பின்னால் ஓடாத பிள்ளை இல்லை. போரும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் இந்தக் கரையை எவ்வளவோ சிதைத்தன. ஆனாலும் பந்து ஓயவில்லை. கடல் காற்றில் வளைந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்கி நிலத்தில் இறக்கி அடிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதினெட்டு வயதில் ஊர்ச் சுற்றுப்போட்டியில் ஒரு கிண்ணம் கிடைக்கும். இருபதில் மாவட்ட அணியில் ஒரு பெயர். இருபத்திரண்டில் கடவுச்சீட்டு எடுப்பார்கள். அந்தக் கடவுச்சீட்டில் விழும் முத்திரை உதைபந்தாட்டத்துக்கானதாக இராது.

இங்கேதான் வல்ஸ்கிஸின் வாழ்க்கை நமக்கு எதையோ சொல்கிறது. அவரது நாடும் உதைபந்தாட்டத்தில் வெற்றி கண்ட நாடல்ல. மக்கள்தொகையிலும் இலங்கையின் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்கு முன்னால் ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது. வயதுக் குழு லீக், பதிவு செய்யப்பட்ட கழகம், தொழில்முறை ஒப்பந்தம், சர்வதேச மாற்றுச் சான்றிதழ். அந்தப் பாதையில் அவர் நடந்து போனார். நம் பிள்ளைகளிடம் கால் இருக்கிறது, பாதை இல்லை. 2023 ஜனவரி 21 ஆம் திகதி, வெளித்தலையீடு என்று கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் 28 ஆம் திகதி வரை அத்தடை நீடித்தது. அந்த ஆண்டு தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை ஆடமுடியவில்லை. மேலே இருந்தவர்களின் சண்டைக்குக் கீழே இருந்த பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் ஏழு மாதங்களைக் கொடுத்தார்கள். இருபது வயது முன்கள வீரருக்கு ஏழு மாதம் என்பது சிறிய தொகை அல்ல.

இதே ஆட்டத்தை, பாதை உள்ள இடத்தில் பிறந்த நம் பிள்ளை ஆடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் 2024 இல் களமிறங்கினார். உலகத் தமிழர்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அவரைப் போன்ற பிள்ளைகள் இங்கும் பிறக்கிறார்கள். அவர்களைப் பார்க்கத்தான் ஆள் வருவதில்லை.

எல்லாவற்றையும் அரசிடமும் சம்மேளனத்திடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாமே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஃபீஃபாவின் விதிகளில் ஒற்றுமைப் பங்கு என்றொன்று உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தினுள் விலை கொடுக்கப்பட்டு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்த விலையில் 5 வீதம், அவரை 12 வயது தொடக்கம் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். இளம் வீரர் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியே ஒன்றும் உண்டு. ஆனால் இவற்றைக் கோர ஒரு நிபந்தனை: அந்தப் பிள்ளை எந்த ஆண்டு எந்தக் கழகத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தார் என்பதற்கு முறையான ஆவணம் இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கழகங்களில் எத்தனைக்கு அப்படியொரு பதிவேடு இருக்கிறது? கிண்ணங்களை அடுக்கிவைக்கக் கண்ணாடி அலுமாரி இருக்கும். சுற்றுப்போட்டிக்கு அடித்த துண்டுப்பிரசுரம் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த நாள் ஆகியவை எழுதப்பட்டு லீக்கில் பதியப்பட்ட ஒரு கொப்பி இருப்பது அரிது. நாளைக்கு எங்கள் கரையிலிருந்து ஒரு பிள்ளை மாலைதீவுக்கோ இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்ப் பெயர் எடுத்தால், அவரை ஆளாக்கிய கழகம் உரிமை கோர ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் நிற்கும். வெளிநாடுகளில் உள்ள நம் நண்பர்கள் ஊர்க் கழகங்களுக்கு உடைகளும் பந்துகளும் அனுப்புகிறார்கள். நல்லது. அடுத்த முறை அனுப்பும்போது, உங்கள் கழகத்தின் பதிவேடு எங்கே என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வயதுக் குழு ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

ஒருவர் தன் திறமையை எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஒப்பந்தம் செய்த நாள் முதல் அது முடியும் நாள் வரை முழு மூச்சுடன் ஆடினாரா என்பதுதான் அவரிடம் கேட்கத்தக்க ஒரே கேள்வி. 2019-20 பருவத்தில் வல்ஸ்கிஸ் அதற்குப் பதினைந்து முறை பதில் சொன்னார். கடைசிப் பதிலைச் சொன்னது ஆளில்லாத அரங்கில், அணி தோற்றுக்கொண்டிருந்த வேளையில்.

நான் காண விரும்பும் நாள் ஒன்று உண்டு. சாம்பல்தீவிலோ நிலாவெளியிலோ பிறந்த ஒரு முன்கள வீரர், இரண்டு மூன்று நாடுகளில் ஆடிவிட்டு நாலாவது நாட்டுக்குப் போகவேண்டும். அவர் விட்டுப்போன ஊரின் இரசிகர்கள் அவரைக் 'கூலிக்கு ஆடுபவன்' என்று வாயாரத் திட்டவேண்டும். அந்த ஏச்சைக் கேட்கும் அளவுக்கு நம் பிள்ளை ஒருவர் வளர்ந்துவிட்டார் என்றால், அன்றைக்கு அவர் பக்கம் நின்று எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு முன், அந்தப் பிள்ளையின் பெயரை யாராவது இன்றைக்கு ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.